வோட்டு எண்ணும் வரைக்கும்

பள்ளிக் கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் இருவரையும் நெருங்கி நிற்கச் சொன்னாள் அந்த நிருபர். சின்னப் பெண். மழைக்கோட்டு போட்டிருந்தாள். கையில் காமெரா இல்லை, கைபேசிதான். எங்கள் நகரத்தின் மேற்குப் பக்கம், ஏவன்டேலில் இருந்து ஹென்டர்சன் வரைக்கும் எந்தப் பள்ளியில் என்ன நடந்தாலும், எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கினாலும் தான் ஒருத்திதான் எழுத வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய பத்திரிகை வாரம் ஒருமுறை எல்லார் வீட்டு லெட்டர்பாக்ஸிலும் இலவசமாக வந்து விழும். பெரும்பாலும் நான் அதைப் பிரிக்காமலே காய்கறி நறுக்கும்போது கீழே விரித்துக்கொள்வேன். அதில் என் படம் வரும் என்று நினைத்ததே இல்லை.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை இங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் நிர்வாகக் குழுத் தேர்தல் நடக்கும். போர்ட் என்று சொல்வார்கள். எங்கள் பள்ளியில் ஐந்து பெற்றோரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் நிற்கிற ஆள் இல்லை. கடையில் மாற்றித் தந்த சட்டையைத் திருப்பிக் கொடுக்கவே இரண்டு நாள் யோசிப்பேன். ஆனால் நூலகத்தை ஒட்டி இருந்த ஒரு சின்ன அறைக்காக நின்றேன்.

என் மகள் வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாள். பள்ளிக்குள் கால் வைத்தால் பேச்சு நின்றுவிடும். சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், காலம் எடுக்கும் என்றார். அந்த அறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது, தரையில் மெத்தைகள் கிடந்தன. மதிய இடைவேளையில் டீச்சர் எய்டாக, அதாவது ஆசிரியருக்கு உதவியாளராக இருந்த ஒரு அம்மா சில குழந்தைகளோடு அங்கே உட்கார்ந்திருப்பார். பேசு என்று யாரையும் சொல்ல மாட்டார். ஒருநாள் என் மகள் மீன்தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பி ஏதோ முணுமுணுத்தாளாம். பிறகு அந்த அம்மாவின் காதில் மீனுக்கு ஒரு பெயர் சொன்னாளாம். அதைச் சொல்லத்தான் அவர் கார் நிறுத்துமிடம் வரைக்கும் என் பின்னால் ஓடி வந்தார். நான் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். என்னவோ ஏதோ என்று அவர் பயந்துபோனார்.

அடுத்த வருடம் அந்த அறை வேறு தேவைக்கு எடுக்கப்படலாம், புதிய போர்ட் முடிவு செய்யும் என்று பள்ளியில் இருந்து தகவல் வந்தது. அன்று மாலை கேட்டில் அக்காவிடம் சொன்னேன்.

சொந்த அக்கா இல்லை; அவர் யாழ்ப்பாணம், நான் இந்தியா. எங்கள் தெருவிலேயே இருக்கிறார், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அவருடைய மகன் இப்போது பெரிய வகுப்பில் இருக்கிறான். முன்பு வகுப்புச் சத்தம் தாங்காமல் மேசைக்கு அடியில் போய் உட்காருகிறவனாம்.

"அந்த அறையில இருந்துதான் என்ர பெடியன் மனுசனா வெளியில வந்தவன்," என்றார் அக்கா. "அதை மூட விடேலாது. நீ நில்லு பிள்ளை."

"எனக்குப் பயமா இருக்குக்கா. மீட்டிங்ல எல்லாம் பேசணும்."

"அப்ப நானும் நிக்கிறன். நீ இங்கிலீசில வடிவா எழுது, நான் சத்தமாக் கதைக்கிறன். பேந்தென்ன?"

இருவரும் நின்றோம். எப்படி ஜெயிப்பது என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. தீவுகளில் இருந்து வந்த சமோவா அம்மாக்கள், டோங்கா அம்மாக்கள் எல்லாரையும் அவருக்குத் தெரியும். பாதிப் பேருடைய தாயோ தகப்பனோ அவர் வேலை செய்யும் இல்லத்தில் இருந்தார்கள். "வீடு வீடா ரோல்ஸ் பொரிச்சுக் கொண்டு போவம். ரோல்ஸ் வாயில இருக்கேக்க ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லேலாது," என்றார்.

அந்த வாரம்தான் நிருபர் வந்தாள். நிற்கிற மற்றவர்கள் மின்னஞ்சலில் படம் அனுப்பிவிட்டார்கள், எங்கள் இருவரை மட்டும் நேரில் பிடிக்க முடிந்தது என்றாள். நான் முந்தின நாளே எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அறையைப் பற்றி, மெத்தைகளைப் பற்றி, பேசாத குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன். என் மகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நிருபர் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். கிளம்பும்போது கேட்டாள், "நீங்கள் இரண்டு பேரும் நண்பர்களா?"

அக்கா என் தோளில் கை போட்டு, "வோட்டு எண்ணும் வரைக்கும்," என்று சொல்லிக் கடகடவென்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள். படம் எடுத்தாள்.

அடுத்த பத்திரிகையில் அதுதான் தலைப்பு. வாக்கு எண்ணும் வரை நண்பர்கள். கீழே எங்கள் படம். எங்கள் சிரிப்பு ஓய்ந்த பிறகு எடுத்தது போல, நான் ஒரு பக்கமும் அக்கா மறுபக்கமும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே சமூகத்தைச் சேர்ந்த இரண்டு தாய்மார்கள் பள்ளி போர்டுக்குப் போட்டியிடுகிறார்கள் என்று தொடங்கியது. அறையைப் பற்றி கடைசியில் ஒரு வரி. அதிலும் மெத்தைகள் இல்லை, மீன் இல்லை. எழுதியது பொய் என்று சொல்ல முடியாது. நாங்கள் சொன்னதுதான் வந்திருந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

காலையிலேயே தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் யாரோ அதைப் படமெடுத்துப் போட்டுவிட்டார்கள். "இங்கே வந்துமா நமக்குள் சண்டை" என்று ஒருவர் எழுதினார். "இலங்கை-இந்தியா மேட்ச்" என்று ஒருவர் கிரிக்கெட் மட்டையும் சிரிக்கும் முகமும் போட்டார். அதற்கு நிறையக் கைதட்டல்கள். அக்காவும் அந்தக் குழுவில் இருக்கிறார். நான் ஒரு பதில் அடித்தேன், அழித்தேன், திரும்ப அடித்தேன். விளக்கம் சொன்னால் சண்டை உண்மை என்று ஆகிவிடுமோ என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மத்தியானம் சங்கத்து அண்ணன் போன் செய்தார். மதுரைப் பக்கத்துக்காரர், பொங்கல் விழாவில் இருந்து இறந்த வீட்டுக்குச் சாப்பாடு ஏற்பாடு வரைக்கும் முன்னால் நிற்கிறவர். நல்லெண்ணத்தில்தான் பேசினார்.

"சொல்றதக் கேளும்மா. ரெண்டு தமிழ்ப் பேரு நின்னா ஓட்டு ரெண்டாப் பிரிஞ்சிரும். கடைசியில ஒருத்தரும் வர மாட்டீங்க. ஊர்ல எத்தன எலக்‌ஷன் பாத்திருக்கேன்! யாராவது ஒருத்தர் வெலகிக்கிட்டா நம்ம சனம் மொத்தமும் அந்த ஒருத்தருக்குப் போட்டுரும்."

"அப்ப நான் வெலகிக்கிறேன் அண்ணா. அக்காதான் நல்லாப் பேசுவாங்க."

"நீ நல்லா இங்கிலீஷ் எழுதுவன்னு எல்லாருக்கும் தெரியும்ல. அவசரப்படாத. நான் அவங்ககிட்டயும் பேசுறேன்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஒரு தொகுதி, ஒரு ஆள், ஒரு ஓட்டு. நான் பிறந்ததில் இருந்து பார்த்த தேர்தல் அதுதான். என் வீட்டுக்காரரிடம் கேட்டபோது, "பிரியத்தானே செய்யும்?" என்று திருப்பிக் கேட்டார். நானே விலகிவிடுவதாகச் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா வேலைக்குப் போகும் உடுப்போடு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"அண்ணன் கதைச்சவர். நான் பள்ளிக்கூடத்துக்கு ஏற்கெனவே அறிவிச்சிட்டன். பேரை எடுக்கச் சொல்லிட்டன்," என்றார்.

"ஏங்கா? நான் விலகுறேன்னு சொல்லத்தான் வந்தேன்."

"எங்கட ஊரில விருப்பு வாக்கு எண்டு இருக்கு. கட்சிக்குப் போட்டிட்டு, அதுக்குள்ள மூண்டு பேருக்குப் போடலாம். ஆனா என்ன நடக்கும் தெரியுமோ? ஒரே கட்சிக்காரர்தான் ஒருத்தரை ஒருத்தர் வெட்டுவினம். பக்கத்தில நிண்டு சிரிச்சு படம் எடுத்தவைதான். அது எனக்கு வேண்டாம். நான் பகிடிக்குச் சொன்னதை அந்தப் பிள்ளை அப்பிடியே போட்டிட்டா. சனமும் நம்பிட்டுது." சாவியைத் தேடிக் கைப்பைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார், "நீங்கள் நில்லுங்கோ. உங்கட மகளுக்கு அந்த அறை இப்ப தேவை. என்ர பெடியன் தப்பிட்டான்."

அதுவரைக்கும் அவர் என்னை நீ என்றுதான் கூப்பிடுவார். பிள்ளை என்பார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த நீங்கள் எனக்கு உறைத்தது.

வாக்களிப்பு நடந்துகொண்டிருந்த வாரத்தில், பள்ளியில் பணம் திரட்ட ஒரு வெள்ளிக்கிழமை சாஸேஜ் சுட்டு விற்றார்கள். நானும் ரொட்டியில் வெங்காயம் வைத்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் நின்றவர் ஒரு சமோவா அம்மா, ஐந்து பிள்ளைகளும் இதே பள்ளியில் படித்தவர்கள். அவர் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"உன் தோழி பேரைக் காணோமே? தேடித் தேடிப் பார்த்தேன்."

"விலகிவிட்டார். ஓட்டுப் பிரிந்துவிடும் என்று."

"எப்படிப் பிரியும்?" உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. "ஐந்து இடம். ஐந்து பேருக்கு டிக் போடலாம். உனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று போட்டால் இன்னும் மூன்று மிச்சம். எங்கள் சர்ச்சில் எல்லாரும் அவளுக்குப் போடத்தான் இருந்தோம். என் அம்மாவுக்குத் தலை வாரி விடுகிறவள் அவள்." பிறகு ஒரு சாஸேஜைத் திருப்பிப் போட்டுவிட்டு, "சரி, உனக்குப் போட்டேன். அழாதே, வெங்காயமா?" என்றார்.

வெங்காயம்தான் என்று சொன்னேன்.

ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஆளுக்கு ஐந்து ஓட்டு இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரவர் ஊரில் விட்டு வந்த தேர்தலைத்தான் நாங்கள் இங்கே நடத்திக்கொண்டிருந்தோம். நிருபராவது அதை ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று அப்போது கோபப்பட்டேன். இங்கே பிறந்தவள், அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருப்பாள்.

நான் ஜெயித்தேன். ஐந்தாவதாக வந்தேன். சங்கத்து அண்ணன் குழுவில் பூங்கொத்துகளாகப் போட்டார். "பாத்தியாம்மா, பிரியாம இருந்ததாலதான்," என்றார். நிருபர் மறுபடி வந்து புதிய போர்டைப் படம் எடுத்தாள். இந்த முறை எல்லாரும் சிரித்தபடி விழுந்தோம்.

அறையின் விஷயம் வந்த கூட்டத்துக்கு என் பேச்சைப் பலமுறை எழுதித் திருத்தினேன். நூலகத்தை ஒட்டிய அறை இப்போது உள்ளபடியே தொடர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். முழுதாகச் சொன்னேன். தலைவர் கனிவாகக் கேட்டார், "வழிமொழிகிறவர் யாராவது?"

யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்த அறைக்கு ஆள் வைக்கப் பணம் போதவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். ஆசிரியர்களின் பிரதிநிதி தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி. அதில் அக்கா உட்கார்ந்திருந்தால் கேள்வி முடியும் முன்பே கை தூக்கியிருப்பார். அதற்கு முந்தைய வாரமே மேசையைச் சுற்றியுள்ள எல்லார் வீட்டுக்கும் ரோல்ஸ் போயிருக்கும். அந்த நாற்காலியில் இருந்தவர் நல்ல மனிதர், கட்டடக் காண்ட்ராக்டர். அவரும் குனிந்துகொண்டார்.

வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் தீர்மானம் விவாதத்துக்கே வராது என்று தலைவர் விளக்கினார். தோற்றுப்போகவும் இல்லை. எடுக்கப்படவே இல்லை. அடுத்து ஜிம்னேசியத்தின் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினோம். பத்திரிகையில் கூரையைப் பற்றி வந்தது.

மறுநாள் கேட்டில் அக்காவிடம் சொன்னேன்.

"ஒருத்தரும் கை தூக்கேல்லையோ?"

"இல்லக்கா."

"ஒருத்தரும்?"

தலையாட்டினேன். என் மகளின் பை ஒரு பக்கம் சரிந்திருந்தது, அக்கா குனிந்து அதைச் சரி செய்தார். "போயிட்டு வாங்கோ குஞ்சு," என்றார். அவளையும் வாங்கோ என்றார். குழந்தைகளிடம் அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது அந்த அறையில் விளையாட்டுச் சாமான்களும் நாற்காலிகளும் இருக்கின்றன. டீச்சர் எய்டாக இருந்த அம்மா நகரத்தின் மறுபக்கம் ஒனிஹங்காவில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். மீன்தொட்டியைத் தூக்கிவந்து ஆபீஸ் கவுண்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பெற்றோர் வருவார்கள், போன் அடிக்கும், கதவு திறந்து மூடும். போர்ட் வேலையாக நான் அங்கே போகும்போது சில நாள் மதிய மணி அடித்திருக்கும். என் மகள் தொட்டிக்கு முன்னால் நிற்பாள். மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் கிட்டத்தில்.

"ஹலோ சொன்னியா அதுக்கு?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"கேன்ட், அம்மா. பீப்பிள் ஆர் தேர்," என்றாள். பிறகு வீட்டில் வழக்கம் போல நிற்காமல் பேசிக்கொண்டே போனாள்.