கண்ணாடி போட்ட வெங்காயம்

கல்யாணமாகி மண்ணூருக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் பிளஸ் டூ பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது மட்டும்தான். சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம், தமிழ் மீடியம். என் கணவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் பிளாண்டில் கான்ட்ராக்ட் ஆபரேட்டராக இருந்தார். நிலத்தை விற்ற பணத்தில் வீட்டுக்காரம்மா வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. ஒரு அறை, ஒரு சமையலறை, வாசலில் ஒரு கம்பிக் கொடி.

என் கணவர் பிரம்மச்சாரியாக இருந்த காலத்தில் கூடத் தங்கியிருந்தவர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய கம்ப்யூட்டரை அவரிடம் விற்றுவிட்டுப் போயிருந்தார். அவர் அதில் படம் பார்ப்பதோடு சரி. நான்தான் ஒரு பெண்கள் பத்திரிகையில் படித்தேன், வீட்டிலிருந்தபடியே பிளாக் எழுதிச் சம்பாதிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி. நாம் எழுதும் பக்கத்தின் ஓரத்தில் விளம்பர நிறுவனமே விளம்பரங்களைக் கொண்டுவந்து வைக்கும். எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள், எத்தனை பேர் விளம்பரத்தைத் தொடுகிறார்கள் என்பதைப் பொறுத்துக் காசு. படித்த அன்றைக்கே எனக்கு அது பிடித்துக்கொண்டது. எழுத எனக்குத் தெரிந்தது சமையல். ஒற்றை அடுப்பில், குறைந்த சாமானில், ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குக் கட்டிக்கொடுக்கிற சமையல்.

முதலில் தமிழில்தான் எழுதினேன். விளம்பரம் கேட்டு விண்ணப்பித்தபோது, தமிழ்ப் பக்கங்களுக்கு விளம்பரம் தருவதில்லை என்று பதில் வந்தது. அப்போது அப்படித்தான் இருந்தது. அதனால் ஸ்ரீபெரும்புதூர் போய் ஒரு தமிழ்–ஆங்கில அகராதி வாங்கிவந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மாற்றத் தொடங்கினேன். தமிழில் ஒரு வரி எழுதிக்கொள்வது, ஒவ்வொரு சொல்லாக அகராதியில் தேடுவது, பிறகு கோப்பது. ஒரு குழம்பை எழுதி முடிக்க இரண்டு பகல் ஆகும்.

ஒருநாள் வீட்டுக்காரம்மா தண்ணி மோட்டார் போட வந்தவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே, எப்போ பாத்தாலும் பொட்டியாண்டயே குந்திகினு கீற?"

"சமையல் குறிப்பு எழுதுறேங்கக்கா."

"யாருக்கு?"

"யாராச்சும் பாப்பாங்க. பாத்தா காசு வரும்."

"உன் கொயம்பப் பாக்க துட்டு குடுக்குறானா? நல்லா கீது போ. இங்க துன்றவனே குடுக்க மாட்றான்," என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பில் விஷம் கிடையாது. எனக்கும் சிரிப்பு வந்தது.

விளம்பரம் கிடைத்தது. ஆனால் ஆள் வரவில்லை. ஒரு நாளைக்கு நாலு பேர், ஐந்து பேர். அதில் ஒருத்தி நான்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலை, என் கணவர் பகல் ஷிப்டுக்குப் போனபின் இன்டர்நெட்டுக்கான டேட்டா கார்டைச் செருகிப் பக்கத்தைத் திறந்தேன். வந்தவர்களின் எண்ணிக்கை எனக்குப் புரியவே இல்லை. ஏதோ கோளாறு என்று அணைத்துவிட்டுத் திரும்பத் திறந்தேன். இன்னும் ஏறியிருந்தது. எல்லோரும் ஒரே குறிப்புக்கு வந்திருந்தார்கள்: கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. கீழே கருத்துகள் வரிசையாக. நிறையப் பேர் எல், ஓ, எல் என்று மூன்றெழுத்து எழுதியிருந்தார்கள். அகராதியில் தேடினேன், இல்லை. பாராட்டுக்குரிய சுருக்கெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். 'உங்களை மாதிரி சமைக்க யாராலும் முடியாது' என்று ஒருவர் எழுதியிருந்தது புரிந்தது. ஒவ்வொருவருக்கும் கீழே, நன்றி, மீண்டும் வாருங்கள் என்று ஆங்கிலத்தில் பதில் போட்டேன். ஒருவரையும் விடவில்லை. பதில் போடப் போட இன்னும் ஆட்கள் வந்தார்கள்.

விளம்பரக் கணக்கைப் பார்த்தேன். அதுவரை சென்டுகளில் நின்ற தொகை டாலர்களாக மாறியிருந்தது.

கேசரி கிண்டினேன். வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இன்னா விசேசம், மாசமா கீறியா?" என்றார். இல்லக்கா, நம்ம பக்கம் நல்லாப் போகுது என்றேன். அவர் என் தலையைத் தொட்டு, "நல்லா இரு," என்றார்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் தட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கேசரி எதுக்கு?"

"நம்ம பக்கத்துக்கு எம்புட்டுப் பேரு வந்துருக்காகன்னு பாருங்க. குழம்புக்கு!"

"தெரியும்," என்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கு வாராகன்னு தெரியுமா?" என்றார்.

பிறகுதான் சொன்னார். மத்தியானம் கேன்டீனில் அவருடைய ஷிப்ட் இன்ஜினியர் அதே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தன் போனில் வந்த ஒரு படத்தை எல்லோருக்கும் காட்டினார். ஒரு பெரிய வெங்காயம், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு. அதன் கீழே என் குறிப்பிலிருந்து ஒரு வரி, பக்கத்தின் பெயரோடு. இன்ஜினியர் அந்த வரியைச் சத்தமாக வாசித்திருக்கிறார். மேசை முழுக்கச் சிரித்திருக்கிறது.

தமிழில் நான் எழுதி வைத்திருந்தது, 'வெங்காயம் கண்ணாடி போல ஆகும்வரை வதக்கவும்.' அகராதியில் கண்ணாடி என்பதற்கு நாலைந்து சொற்கள் இருந்தன. நீளமான சொல்தான் படித்தவர்கள் எழுதுவது என்று நினைத்து அதை எடுத்தேன். அது மூக்குக்கண்ணாடிக்கான சொல்.

"நீங்க என்ன செஞ்சீக?" என்று கேட்டேன்.

"நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?"

அவர் அதை நேராகவே சொன்னார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தேன். நான் போட்டிருந்த நன்றிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு நன்றிக்கும் கீழே மறுபடி அந்த மூன்றெழுத்து. அது சிரிப்பு என்று இப்போது யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. குறிப்பையே அழித்துவிடப் போனேன்.

"இரு," என்றார் அவர். என் முகத்தைப் பார்க்காமல், கணக்குக் காட்டும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, "அழிக்காத. திருத்தவும் வேண்டாம். கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்," என்றார்.

பிளாண்டில் ஆர்டர் குறைந்து OT என்ற ஓவர்டைம் வேலை நின்றுபோயிருந்த நேரம் அது. கான்ட்ராக்ட் ஆட்களில் பாதிப் பேரை எடுத்துவிடப்போவதாகப் பேச்சு. ஊரில் மழையில் அவர் வீட்டு ஓடு சரிந்து அத்தை கோணிப்பையைப் போர்த்திவைத்திருந்தார். எனக்கு எல்லாம் தெரியும். அதனால் கையை எடுத்துக்கொண்டேன். அந்தக் கேசரியை இருவருமே தொடவில்லை.

அதற்குப் பின் தினமும் காலையில் திறந்து பார்ப்பேன். வந்து சிரித்துவிட்டுப் போவார்கள், காசு ஏறும். பக்கத்தின் ஓரத்தில் இருந்த விளம்பரங்களும் மாறின. முன்பெல்லாம் மசாலாப்பொடி, குக்கர் வரும். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை விளம்பரங்கள் வந்தன. எழுதியிருக்கும் சொல்லைப் பார்த்து மெஷினே பொருத்தமான விளம்பரத்தை வைக்குமாம். கருத்துகளில் எல்லோரும் என் ஆங்கிலத்தைப் பற்றி எழுத ஆரம்பித்ததும், வீட்டிலிருந்தே ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற விளம்பரம் வந்து நின்றது. டை கட்டிய ஒரு பெண் கையை நீட்டி என்னைக் கூப்பிடுவதுபோல. மனிதர்கள் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மெஷின் வரை விஷயம் போய்விட்டதே என்றுதான் அன்றைக்கு அழுதேன்.

விளம்பர நிறுவனத்தின் செக் கூரியரில் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பேங்க்குக்குத் தனியாகத்தான் போனேன். வெளிநாட்டுக் கம்பெனி செக் என்பதால் உள்ளே இருந்த அதிகாரியிடம் அனுப்பினார்கள். முதலில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். நான் விழித்தேன். பிறகு தமிழில், "இது எதுக்கான பேமென்ட் மேடம்?" என்றார்.

"சமையல் சார்."

"கேட்டரிங்கா?"

"ஆமா சார்."

அந்தப் பணத்தில் ஊரில் ஓடு மாற்றினார்கள். OT பணம் என்று அவர் தன் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அத்தை போனில், "எம்புள்ள ராப்பகலா ஒழைச்சு அனுப்பிருக்கான், அவனுக்கு நல்லா ஆக்கிப் போடு தாயி," என்றார். சரிங்கத்தை என்றேன். எப்படி வந்த காசு என்று நான் மட்டும் எந்த வாயால் சொல்ல? என் கணவர் OT பணம் என்று சொன்னதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தும் வெட்கமாக இருந்தது.

சில மாதம் போயிற்று. ஒருநாள் கேன்டீன் சாம்பாரில் வெங்காயம் வேகாமல் கிடந்ததாம். அந்த இன்ஜினியர் கரண்டியில் எடுத்துக்காட்டி, "இதுக்கு இன்னும் கண்ணாடி போடல," என்றிருக்கிறார். மேசை சிரித்தது. என் கணவர் எழுந்து நின்று, "சார், அது எங்க வீட்டுல எழுதுனது," என்று சொல்லிவிட்டார். இன்ஜினியர் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாராம்.

பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர்போல என் கணவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது.

"எதுக்குச் சொன்னீக? எவளோ ஒருத்தின்னு போயிருக்கும்ல?"

"எத்தன நாளைக்கு நானும் கூட உக்காந்து சிரிக்கச் சொல்ற?" என்றார்.

அடுத்த மாதமே பிளாண்டில் ஃபேமிலி டே வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தையெல்லாம் பஸ்ஸில் கூட்டிப்போய், உற்பத்தி லைனைச் சுற்றிக்காட்டி, ஷாமியானா போட்டுச் சாப்பாடு போடுவார்கள். நான் வரவில்லை என்றேன். "வராட்டா அதுவும் பேச்சாகும்," என்றார். கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

சாப்பாட்டு வரிசையில் நின்றபோது ஒரு இளம் பெண் என்னை நோக்கி வந்தார். அவருக்குப் பின்னால் தயங்கியபடி ஒரு இளைஞர். என் கணவர் நிமிர்ந்து நின்ற விதத்திலேயே அவர்தான் இன்ஜினியர் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பெண் அவருடைய மனைவி.

"நீங்கதானே அந்த பிளாக் எழுதறது?" என்றார். குரலில் கேலி இல்லை. "இவர் உங்ககிட்ட சாரி கேக்கணும்னு சொல்லிட்டிருந்தார். நான் அந்தக் குழம்பு செஞ்சு பார்த்தேங்க. நல்லா வந்துச்சு."

வரிசையில் முன்னும் பின்னும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலருக்கு விஷயம் தெரியும் என்று முகத்திலேயே தெரிந்தது.

"இல்லங்க," என்றேன். "அது நான் இல்ல. எனக்கு இங்கிலீசே தெரியாது. இவுக சும்மா வெளையாட்டுக்குச் சொல்லிருப்பாக."

அந்தப் பெண் என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்ஜினியர், "ஓ... ஓகே," என்றார். என் கணவர் கையில் வெறும் தட்டோடு நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஸ்பீக்கரில் பாட்டு, பிள்ளைகள் கத்தல். பஸ் பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டியது. அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "நாளைக்கு அந்த மேசையில நான் எப்படிப் போய் உக்கார?" என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் உண்மையாகவே வழி தெரியாமல் கேட்டார்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பிய என் கணவரிடம், இன்ஜினியர் மனைவியின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிவரச் சொன்னேன். அதைக் கேட்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரியும். வாங்கிவந்தார். அவர் பக்கத்தில் இருக்கும்போதே பேசினேன்.

"அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேங்க. அத எழுதுனது நாந்தான். இவுக சொன்னதுதான் நெசம்."

"தெரியுங்க," என்றார் அந்தப் பெண். "உங்க முகத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சது. அவர்கிட்டயும் சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த வார்த்தையை ஏன் இன்னும் அப்படியே வச்சிருக்கீங்க? யாரும் சொல்லலையா?" என்றார்.

"அதுக்குத்தாங்க ஆளு வர்றாங்க. வந்தாத்தான் காசு."

அந்தப் பெண் மெதுவாக, கேலியோ இரக்கமோ இல்லாமல், அந்த இடத்தில் என்ன ஆங்கிலச் சொல் வரவேண்டும் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். என் கணவர் என் தோள்வழியே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தமுறை இரு என்று சொல்லவில்லை. வரியைத் திருத்தினேன். கருத்துகளையும், என் நன்றிகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன்.

நினைத்தபடியே ஆள் வரத்து குறைந்தது. வந்தவர்கள் சமைக்க வந்தார்கள், கொஞ்சப் பேர்தான். விளம்பரக் காசு டேட்டா கார்டுக்குக்கூடப் போதவில்லை. மறு வருஷம் விளம்பரத்தை எடுத்துவிட்டேன். ஆங்கிலக் குறிப்புகளை அப்படியே விட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்தே தமிழில் எழுதத் தொடங்கினேன். காசு கிடையாது. அந்தப் பெண் மட்டும் அவ்வப்போது போன் செய்து, பொரியல் தீய்ந்துவிட்டது, என்ன செய்ய என்று கேட்பார். ஒவ்வொரு முறை அவர் பெயர் போனில் வரும்போதும் எனக்கு முதலில் அந்தக் கண்ணாடி போட்ட வெங்காயம்தான் நினைவுக்கு வரும். எடுத்து, அடுப்பைக் குறைக்கச் சொல்லுவேன்.