கப்பும் போர்டும்

வெள்ளைக்காரன் கொஞ்சம் கோணல் புத்திக்காரன் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. கப் என்றால் கோப்பை, போர்ட் என்றால் பலகை. இரண்டையும் சேர்த்தால் அலமாரியாம். அதையும் 'கப்-போர்ட்' என்று சொல்லக் கூடாதாம், 'கபர்ட்' என்றுதான் சொல்ல வேண்டுமாம்! எங்களில் மூத்த சகோதரியை ஆச்சி என்போம், அப்பாவை அப்பச்சி என்போம். ஆச்சிதான் கைதட்டி அசை பிரித்துக் காட்டினாள். முதல் தட்டு பலமாக, அடுத்தது மெதுவாக.

"அப்ப நடுவுல இருந்த 'ப்' எங்குட்டுப் போச்சு?" என்றேன்.

"எங்குட்டும் போகலடி. அங்கனயேதான் நிக்குது, வாயத் தொறக்காது."

எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. வீட்டு அலமாரிகளையெல்லாம் தட்டித் தட்டிச் சொல்லிப் பார்த்தேன்.

ஆச்சிக்குக் காலேஜில் சேர வேண்டும் என்று கொள்ளை ஆசை. அப்பச்சிக்கோ தேடி வந்த பினாங்கு மாப்பிள்ளையை விட மனமில்லை. சீர் சாமானில் எவர்சில்வர் எவ்வளவு, பித்தளை எவ்வளவு என்று நாள் கணக்கில் பேசுவார்கள். பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கிற வழக்கம் கிடையாது.

பெண் பார்க்க மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். அங்கே வீட்டுக்குத் துரைமார்கள் விருந்துக்கு வருவார்களாம், பெண்ணுக்கு இங்கிலீஷ் வர வேண்டுமாம். மரச்சாமான் கடை விளம்பரம் ஒன்றை நீட்டினார்.

"இத வாசி ஆத்தா, கேப்போம்."

"கேக்கத்தானே போறீக! பள்ளிக்கூடத்துல இங்கிலீசுக்கு இவதான் மொத ஆளு" என்றார் அப்பச்சி.

ஆச்சி தாளைப் பார்த்தாள். அப்பச்சியைப் பார்த்தாள். பிறகு, "கப்... போர்ட்" என்று அரிச்சுவடிப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டினாள். அடுத்தடுத்த வார்த்தைகளும் அதே கதிதான். அப்பச்சிக்கு முகம் செத்துவிட்டது. வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தார். சொல்லி அனுப்பவே இல்லை.

நான் உள்ளே ஓடினேன். "ஒனக்குத் தெரியுமே ஆச்சி! மறந்துட்டியா?"

ஆச்சி என் தலையைத் தடவினாள். பயத்தில் மறந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே பாவமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, கைதட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தேன். அவளும் ஒருமுறை உதட்டைக் கடித்துவிட்டுப் பிசகில்லாமல் திருப்பிச் சொன்னாள்.

இந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு எந்த வரனும் படியாது என்று அப்பச்சியே அவளைக் காலேஜில் சேர்த்துவிட்டார். நான் சொல்லிக்கொடுத்துத்தான் ஆச்சிக்கு அங்கே இடம் கிடைத்தது என்று ரொம்ப நாள் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.