ஆதாரம் டீச்சர் எழுதிய பொய்

அந்தச் செய்தி அவளுக்கு நாத்தனாரிடமிருந்து வந்தது. அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்த நேரம். குடும்ப குரூப்பில் ஒரு படம்: பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே நிற்கும் ஜூஸ் வண்டி, அதன் நீலக்குடை, குடையில் கறுப்பு நூலால் தைத்த ஒட்டு. மேலே கொட்டை எழுத்தில், ‘பெற்றோரே உஷார்! இந்த வண்டியில் பிணவறை ஐஸ் கலக்கிறார்கள். பெரிய மருத்துவர் ஒருவர் எச்சரிக்கை!’ அதற்குக் கீழே நாத்தனார் தன் பங்குக்குச் சேர்த்திருந்தாள்: ‘டீச்சரம்மா, உன் ஸ்கூல் வாசல்தானே இது? கவனம்.’

நாத்தனார் நல்லவள்தான். காலையில் பூப்படம், மதியம் மூட்டுவலி மருந்து, சாயங்காலம் உலக அழிவு என்று வேளை தவறாமல் அனுப்புகிறவள். வழக்கமாக டீச்சர் சிரித்துவிட்டுத் தள்ளிவிடுவாள். அன்று பால் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்தது. அவள் கண் போனை விட்டு நகரவில்லை. அந்தப் பெரிய மருத்துவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். போன வாரம் ஸ்டாஃப் ரூமில், ஆறிப்போன டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரை உண்டாக்கியதே அவள்தான்.

பள்ளியில் அவளுக்கு ஆதாரம் டீச்சர் என்று பெயர். சேர்ந்தது அறிவியல் எடுக்க. போனில் வருவதை எப்படி நம்புவது, எப்படி நம்பாமல் இருப்பது என்று வாரம் ஒரு பீரியட் எடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, மற்றவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்க்க, ஹெச்.எம். அதை இவள் தலையில் கட்டினார். கட்டியதை இவள் கிரீடமாக்கிக்கொண்டாள். யார் சொன்னது, எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். எவனாவது வயிற்று வலி என்று லீவு கேட்டால் பின் பெஞ்சிலிருந்து “ஆதாரம்?” என்று குரல் வரும். வீட்டிலும் அதே கதைதான். உப்புப் போட்டாயிற்று என்று சொன்னால், மகள் கரண்டியை மைக் மாதிரி நீட்டி ஆதாரம் கேட்பாள்.

பாடப் புத்தகத்தில் மாதிரிக்குக் கொடுத்திருந்த பொய்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை. மூன்று கண் பூனை, பேசும் மரம். எந்தக் குழந்தையும் ஏமாறாது. பொய் என்றால் நாக்கில் வைத்ததும் இறங்க வேண்டும், அப்போதுதான் துப்பக் கற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தாள். வகுப்பு ஜன்னலிலிருந்து எதிரே தெரிந்த ஜூஸ் வண்டியைப் படம் எடுத்தாள், பயமாக நாலு வரி எழுதினாள், அடியில் ‘இது பயிற்சிக்காக எழுதிய பொய்’ என்று ஒரு பட்டை போட்டாள். இதில் உள்ள ஓட்டைகளைக் கண்டுபிடித்து வாருங்கள் என்று வகுப்பு குரூப்புக்கு அனுப்பினாள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏது சொந்தப் போன்? அந்த குரூப் குடியிருந்தது அம்மாக்கள் போனில், அப்பாக்கள் போனில். யாரோ அவசரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறார்கள். அடிப்பட்டை வெட்டுப்பட்டுப் போனது. மிச்சம் நடந்து ஊரைச் சுற்றி அவள் அடுப்படிக்கே வந்து சேர்ந்துவிட்டது.

‘இது பொய்’ என்று நாத்தனாருக்குப் பதில் போட்டாள். உடனே குரல் பதிவு வந்தது. “உனக்கெப்படித் தெரியும்? மூணு பிள்ளைங்க ஆஸ்பத்திரில கெடக்குதாம், நீ என்னமோ பொய்யிங்கற.”

மூன்று பிள்ளைகளை இவள் எழுதவில்லை. வழியில் யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவள் கை சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் போனைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். பாடம் நடத்தும்போது போன் பையில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டவள், டஸ்டருக்கு அடியில் அதை ஒளித்து வைத்துக்கொண்டு கரும்பலகைக்கும் மேசைக்கும் நடந்தாள். இடைவேளையில் ஜன்னலுக்குப் போனாள். எப்போதும் பிள்ளைகள் மொய்க்கும் வண்டி தனியாக நின்றது. எலுமிச்சம்பழங்கள் அடுக்கு குலையாமல் இருந்தன. ஜூஸ்காரர் ஈரத்துணியால் துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

பெற்றோர் குரூப்பில் நிதானமாக எழுதினாள்: ஜூஸ் வண்டிச் செய்தி தவறானது, யாரும் பரப்ப வேண்டாம். ஒரு அப்பா கேட்டார்: ‘மேடம், ஆதாரம்?’ அதற்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசை கட்டின. பிணவறை ஐஸுக்கு யாரும் கேட்காத கேள்வி. பிள்ளைகள் வீட்டில் போய்ப் பாடத்தை ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆதாரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எழுதியது நான்.

ஹெச்.எம். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடும், விசாரணை என்று வந்தால் உங்கள் வேலைக்கும் நான் பொறுப்பில்லை, வாயைத் திறக்காதீர்கள் என்றார். “புதுசா ஒண்ணு வந்தா இது தானா அடங்கிரும் டீச்சர்.”

வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். சாப்பிடும்போதும் அவள் கட்டைவிரல் போனில் ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “லிஃப்ட்ல மாட்டுனவங்க எல்லாம் இப்படித்தான் பட்டன அமுக்கிக்கிட்டே இருப்பாங்க. அமுக்கினா ஏறாதும்மா. கதவத் தட்டிக் கூப்பிடணும்.”

மறுநாள் மதியம் பெற்றோர் குரூப்பில் வந்தது இன்னொன்று. ‘நாளை பள்ளி விடும் நேரம் அப்பாக்கள் எல்லாரும் வாருங்கள். வண்டியை நாமே அகற்றுவோம்.’ போட்டவர் பள்ளி வேன் டிரைவர். அவர் மகள் இவளுடைய வகுப்பில்தான் படிக்கிறாள். அகற்றுவது என்றால் என்ன என்று அவளுக்குப் புரிந்தது. அத்தனை ஆண்கள் கூடி ஒரு தள்ளுவண்டியை மெதுவாகவா நகர்த்துவார்கள்? பள்ளி விட்டதும் கேட்டைத் தாண்டி நேரே நீலக்குடைக்குப் போனாள்.

ஜூஸ்காரர் பரபரவென்று டம்ளரை எடுத்தார். ரெண்டு நாளாக வந்த முதல் ஆள். அவள் வேண்டாமென்று கையசைத்துவிட்டு, ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். படம் எடுத்தது, எழுதியது, பட்டை வெட்டுப்பட்டது, எல்லாம்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து நின்றாள். அவர் ஐஸ் பெட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“நீங்க எழுதினதா? நல்லாத்தான் எழுதியிருக்கீங்க டீச்சர். ரெண்டு நாளா நானே ஐஸ மோந்து மோந்து பாக்குறேன்.”

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். வீடியோவில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஒரு டம்ளர் குடித்தும் காட்டுகிறேன் என்றாள்.

“சொல்லுங்க. குடிக்காதீங்க. காசு வாங்கிட்டுக் குடிக்குதுன்னு பேசுவாங்க.”

போனை அவரே பிடித்தார். குடையின் கறுப்பு ஒட்டு தலைக்கு மேல் தெரிய அவள் நின்றாள். நான் இந்தப் பள்ளி டீச்சர், அந்தச் செய்தியை வகுப்புக்காக எழுதியது நான், அதில் ஒரு சொல்லும் உண்மையில்லை என்றாள். ஹெச்.எம்.மைக் கேட்காமல் குரூப்பில் போட்டாள். பஸ் வருவதற்குள் முதல் பதில் வந்துவிட்டது: ‘டீச்சர், இது நிஜமாவே நீங்கதானா? இப்பல்லாம் வீடியோவையே போலியா செய்றாங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாம்.’

சொன்னதுதான். படம் போட்டு விளக்கிச் சொன்னதுதான்.

அடுத்த நாள் கடைசி மணி அடிப்பதற்கு முன்பே போய் வண்டியை ஒட்டி நின்றுகொண்டாள். அப்பாக்கள் பைக்கிலும் நடந்தும் வந்தார்கள். முன்னால் வேன் டிரைவர். அவளைப் பார்த்ததும் அவர் நடை தளர்ந்தது.

“வீடியோ பாத்தோம் மேடம். நீங்கதானான்னு தெரியல.”

“நான்தாங்க. இதோ நிக்கிறேன்ல.”

“அப்ப நீங்களே எதுக்கு மேடம் இப்படி எழுதணும்?”

அவள் விளக்கினாள். ஸ்டாஃப் ரூமில் அத்தனை புத்திசாலித்தனமாகத் தெரிந்தது, தெருவில் நின்று வாய்விட்டுச் சொல்லும்போது கிறுக்குத்தனமாக ஒலித்தது. பின்னால் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். இன்னொருவர் சிரித்தார். வேன் டிரைவர் ஜூஸ் வண்டியின் கைப்பிடியில் கையை வைத்தார். எடுக்கவுமில்லை, தள்ளவுமில்லை.

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“அப்ப அந்த மூணு பிள்ளைங்க?”

“அப்படி யாருமே இல்லைங்க.”

“ஆஸ்பத்திரில?”

“ஆஸ்பத்திரில இல்ல. எங்கேயுமே இல்ல.”

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். விட்ட பிறகுதான் கோபம் வந்தது. “ரெண்டு நாளா அதுங்கள நெனச்சு எனக்குச் சாப்பாடு எறங்கல. நல்லா இருக்கு டீச்சர் உங்க பாடம்.”

வேன் டிரைவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கூட்டம் ஓரங்களிலிருந்து கரையத் தொடங்கியது. இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்து அவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கத்தை வெட்டிவிட்டு அனுப்புவார்களோ. மாடியில், அவள் படம் எடுத்த அதே ஜன்னலில் ஹெச்.எம். நின்றார். அவர் கையிலும் போன். நாளைக்கு அந்தப் பீரியட் இருக்குமா, அவளே இருப்பாளா என்பது அந்த முகத்திலிருந்து தெரியவில்லை.

“ஒரு லெமன் போடுங்க,” என்றார் அந்த அம்மா, இன்னும் கோபமாகவே.

ஜூஸ்காரர் பழத்தை நறுக்கினார். டீச்சரின் பைக்குள் போன் அதிர்ந்தது, நின்று மறுபடி அதிர்ந்தது. அவள் கை பைக்குப் போய்ப் பாதியில் நின்றது. அந்த அம்மா டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கி, ஐஸைச் சுற்றி ஒரு முறை பார்த்து, மோந்தும் பார்த்தார். அவர் குடிக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது.