சாவி இல்லாமல் பாடும் கார்

காலையில் கார் மறுபடியும் ஸ்டார்ட் ஆகவில்லை. இந்த வாரத்தில் இரண்டாவது முறை.

பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்தான் போய்விட்டது என்று நானே முடிவுகட்டி, எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு வரச்சொன்னேன். அவர் வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்பி, மீட்டரை வைத்துப் பார்த்தார்.

“ஆல்டர்னேட்டர் நல்லாருக்குக்கா, பதினாலு வோல்ட் வருது. யாரோ பாட்டு செட்டுக்கு பேட்டரியிலேருந்து நேரா வயர் இழுத்திருக்காங்க. சாவிய எடுத்தாலும் கரண்ட் போய்க்கிட்டே இருக்கு. தெனம் ஓட்டுனா தெரியாது, நிறுத்தி வச்சா பேட்டரி எறங்கிரும். வெட்டி விட்ரவா?”

அந்த யாரோ என் கணவர். போன தடவை ஊருக்கு வந்திருந்தபோது, மீமிசலில் படகுகள் கரைக்கு வரும்வரை வண்டியை அணைத்துவிட்டு நாங்கள் பாட்டுக் கேட்க, அவரே டேப் சுற்றி இழுத்த வயர். அவர் குவைத்துக்குத் திரும்பிப் பதினோரு மாதம் ஆகிறது. இப்போது பள்ளி விடுமுறை, நானும் வண்டியை எடுக்கவில்லை.

“வேணாம் தம்பி, வயர் இருக்கட்டும்.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அப்ப ரெண்டு நாளைக்கு ஒருக்கா வண்டிய ஓட்டணுங்க்கா.”

ஓட்டிவிட்டால் போகிறது. நாளை திருவரங்குளம் வரை சும்மா போய்வரப் போகிறேன். அந்தப் பக்கம் வேலை இருப்பவர்கள் சொல்லுங்கள், ஏற்றிக்கொள்கிறேன்.

பாட்டை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.