குடுவையில் பிழைத்தவை

புற்றுநோய்ச் செல்களைக் குடுவையில் வளர்ப்பதுதான் வேலை என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் ‘செல்லம்மா’ என்றே பெயர். மருந்துக்குச் சாகாத செல்கள் வெளியே விடும் நுண்பைகளைப் பிரித்தெடுத்து, சாகக்கூடிய செல்களுக்கு ஊட்டியிருந்தாள். பைகளுக்குள் இருப்பவை புரதம் செய்யத் தெரியாத ஆர்.என்.ஏ. துணுக்குகள். இன்று பார்த்தால், மருந்து ஊற்றியும், சாக வேண்டிய அந்தச் செல்கள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தன. துணுக்குகள் அவற்றுக்குப் பிழைக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டன. பேராசிரியர் கைகொடுத்துப் பாராட்டினார். அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள். தங்கையின் மார்பில் இருப்பது அதே வகைப் புற்று. கையில் ஏறுவதும் அதே மருந்து.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“என்னக்கா, உன் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டாச்சா?” என்றாள் தங்கை.

“போட்டாச்சுடி.”

“சனியனுங்க இன்னிக்காவது செத்துச்சா?”

குடுவை வேறு, உடம்பு வேறு என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆனாலும் பொய் வரவில்லை.

“வேற மருந்து இருக்கான்னு டாக்டர்கிட்ட கேப்போமா?”

தங்கை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்தாள்.

“கேளுக்கா. ஆனா இந்த பாட்டில் முடியட்டும். இவ்வளவு வாந்தி எடுத்தது வீணாப் போகக் கூடாதுல்ல.”