தங்கச் சுரங்க ஊரில் ஒரு படகுக் கம்பெனி

ஏரி ஏரியாகப் போய்ப் படகு ஓட்டுவது என் பைத்தியங்களில் ஒன்று. கடற்கரையில் கூட்டம், அருவியில் எண்ணெய் வழுக்கல். ஏரிதான் எனக்குச் சரிப்படும். சென்ற மார்கழியில் ஒரு மலையூர் ஏரியில் பெடல் படகை மிதித்துக்கொண்டிருந்தபோது, காலடியில் ஒரு சின்னத் தகடு கண்ணில் பட்டது. 'வசந்தி போட் ஒர்க்ஸ், கே.ஜி.எஃப்.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கம் வெட்டிய ஊரில், கடலும் இல்லாமல் பேர் சொல்லும்படி ஒரு ஆறும் இல்லாமல், யாருக்குப் படகு செய்தார்கள்?

படகுத்துறைக்காரரிடம் கேட்டேன். கம்பெனியை நிறுத்திச் சில வருடங்கள் ஆகிவிட்டன, உதிரி பாகத்துக்காக வைத்திருந்த நம்பர் மட்டும் இருக்கிறது என்று கொடுத்தார். போனை எடுத்தவர் சுந்தரி. கம்பெனியைத் தொடங்கிய ஏகாம்பரத்தின் மனைவி. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைக் காலி செய்துவிட்டு மகள் வசந்தியோடு இருக்க பெங்களூர் போகிறாராம். பார்க்க வேண்டுமானால் அன்றைக்கே வரச் சொன்னார். சிரித்துக்கொண்டே கிளம்பியவள் நான். திரும்பும்போது அப்படி இல்லை.

பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் போகும் காலை ரயிலைப் பிடித்தேன். டிக்கெட் முப்பது ரூபாய். இரண்டரை மணி நேரம் என்றார்கள், பங்காருப்பேட்டையில் நின்று நின்று மூன்று ஆனது. ஒன்பதரைக்கு உரிகம் ஸ்டேஷனில் இறங்கினேன். நந்திதுர்க் சுரங்கம் பக்கம் மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் நூறு கேட்டார், எண்பதுக்குப் படிந்தார். போட் கம்பெனி என்றதும் அவருக்குப் புரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் தலையாட்டினார்.

"ஏகாம்பரம் ஷெட்டா? அத்த மொதல்லயே சொல்றதில்லையா மேடம். நல்ல மனுசன், ஏரித் தண்ணில பூட்டாரு." இறங்கும்போது எழுபது போதும் என்றார்.

சுரங்கக் கழிவு மண்மேட்டுக்கு எதிரே தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். வாசலில் ஒரு மினி லாரி. உள்ளே படகு அச்சுகள் தலைகீழாகக் கிடந்தன. சுந்தரிக்கு அறுபது இருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, எதை ஏற்ற வேண்டும், எதைக் கூடாது என்று லாரிக்காரர்களை அதட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஓரமாக, ஸ்டூலில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். முனுசாமி, ஏகாம்பரத்தின் கூட்டாளி என்று சுந்தரி சொன்னார்.

கம்பெனியின் கதையைச் சுந்தரிதான் சொன்னார், வேலைக்கு நடுவே துண்டு துண்டாக. ஏகாம்பரமும் முனுசாமியும் சுரங்கத்தில் ஃபிட்டர்கள். ஆட்களை ஷாஃப்டில், அதாவது சுரங்கக் குழியில், இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டைப் பழுது பார்ப்பது அவர்கள் வேலை. சுரங்கம் மூடியதும் பலரும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். இவர்கள் போகவில்லை. ஏரியில் படகு விடக் குத்தகை எடுத்த ஒருவர், விரிசல் விட்ட படகு ஒன்றைச் சரிசெய்யக் கொண்டுவந்தார். இதைச் சரிசெய்வதற்குப் புதிதாகவே ஒன்று செய்துவிடலாமே என்று ஏகாம்பரத்துக்குத் தோன்றியிருக்கிறது.

முதல் படகை அவர்கள் கேஜ் மாதிரியே செய்தார்கள். இரும்புத் தகடு, இடமெல்லாம் போல்ட். எட்டுப் பேர் சேர்ந்து தூக்கித் தண்ணீரில் வைத்தார்கள். மிதந்தது, ஆனால் நான்கு பேர் உட்கார்ந்தால் நகரவில்லை. "குந்திக்கினு காத்து வாங்கலாம், அவ்ளோதான்" என்று சொல்லிச் சுந்தரி சிரித்தார். பிறகு தண்ணீர்த் தொட்டி செய்யும் ஒருவரிடம் போய் ஃபைபர் வேலை கற்றுக்கொண்டார்கள். பெடல் படகு, துடுப்புப் படகு என்று மூன்று மாநில ஏரிகளுக்குப் போயிற்று. நான் மிதித்ததும் அதில் ஒன்று.

ஒரு விஷயம்தான் விசித்திரம். கம்பெனியில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. சுரங்கத்தில் தண்ணீர் என்றால் பம்ப் வைத்து வெளியே இறைக்க வேண்டிய சனியன். அதில் இறங்க யார் கற்றுக்கொள்வார்கள்? அதனால் ஏகாம்பரம் சுரங்கத்தின் வழக்கம் ஒன்றை இங்கேயும் கொண்டுவந்தார். ஆளுக்கொரு பித்தளை டோக்கன், அதில் ஒரு நம்பர். ஏரியில் சோதனைக்கு இறங்குகிறவர் கரைக்குக் கூடவே கொண்டுபோகும் கொக்கிப் பலகையிலிருந்து தன் டோக்கனை எடுத்துப் போக வேண்டும், கரையேறியதும் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் ஒருவரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

வழக்கத்தோடு சேர்ந்து அதன் ஓட்டையும் வந்துவிட்டது. சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால் டோக்கன் கொடுக்க நீண்ட வரிசை நிற்கும். முன்னால் நிற்கிறவன் பின்னால் வருகிற கூட்டாளியின் டோக்கனையும் சேர்த்துக் கொடுத்துவிடுவான். எல்லோரும் செய்ததுதான்.

பெங்களூர்ப் பணக்காரர் ஒருவர் பாய்மரப் படகு ஒன்று கேட்டிருந்தார். கம்பெனி செய்த ஒரே பாய்மரப் படகு அது. அதன் சோதனை நாளில் ஏகாம்பரமும் முனுசாமியும் அதில் ஏறினார்கள். கரைக்கு வந்ததும் முனுசாமி இறங்கிக்கொண்டார். ஏகாம்பரத்துக்கு மனம் வரவில்லை. இன்னொரு சுற்று போய் வருகிறேன், இதையும் மாட்டிவிடு என்று தன் டோக்கனை நீட்டினார். முனுசாமி இரண்டையும் மாட்டிவிட்டு டீ வாங்கப் போனார். இருட்டுகிற நேரம். பலகை நிறைந்திருப்பதைப் பார்த்த மற்றவர்கள், இருவரும் படகைத் துறையில் கட்டிவிட்டு ஏதோ வண்டியில் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்து அதைக் கழற்றி வேனில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். டீயோடு வந்த முனுசாமி கரையில் வேனைக் காணாமல், ஏகாம்பரமும் அதில்தான் போயிருப்பார் என்று பஸ் ஏறினார். காற்று திரும்பிப் படகு கவிழ்ந்தது யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில்தான் தேடினார்கள்.

அந்தப் படகை முனுசாமி தன் கையால் ரம்பம் போட்டு அறுத்துவிட்டார். கம்பெனியைச் சுந்தரி நடத்தினார். அவரவர் டோக்கனை அவரவர் கையாலேயே மாட்ட வேண்டும் என்று புது விதி போட்டார். முனுசாமியும் கடைசிப் படகு வரை கூடவே வேலை செய்தார். ஆனால் அன்றைக்கு மாட்டிய தன் டோக்கனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர், பிறகு பலகையில் மாட்டவே இல்லை.

மதியத்துக்குள் லாரி கிளம்பிவிட்டது. சுவரில் பலகை மட்டும் இருந்தது. எல்லாக் கொக்கியிலும் டோக்கன், முனுசாமியின் நான்காம் நம்பர் கொக்கியில் மட்டும் இல்லை. மூன்றாம் நம்பர் ஏகாம்பரத்துடையது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த சந்தனம் அதில் காய்ந்து கிடந்தது.

சுந்தரி பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "முனுசாமிண்ணா, இன்னிக்காவது மாட்டுங்க. உங்கள வெளிய உட்டுட்டு நான் எப்படிப் பூட்டிக்கினு போவேன்?"

முனுசாமி சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார். "ஏகாம்பரம் மாட்டட்டும். அவன் கையால மாட்டட்டும். அதுக்கப்புறம் நான் மாட்டறேன்."

சுந்தரி பலகையிடம் போய், மூன்றாம் நம்பர் டோக்கனைக் கழற்றினார். சந்தனம் உதிர்ந்தது. டோக்கனைத் தலைப்பில் வைத்து முடிந்துகொண்டார்.

"வராத மனுசன் வந்துட்டாருன்னு இத்தினி வருசமா இது பொய் சொல்லிக்கினு இருந்துதுண்ணா. அவரு வரல. நீங்க வந்துட்டீங்க. மாட்டுங்க."

யாரோ முன்பின் தெரியாதவர்கள் வீட்டுத் துக்கத்தில் நின்றுகொண்டு அழுதேன். முனுசாமி எழுந்து போய்ப் பையிலிருந்து டோக்கனை எடுத்தார். இரண்டு முறை கொக்கி தவறியது; நானும் உதவப் போகவில்லை, சுந்தரியும் போகவில்லை. மூன்றாம் முறை டோக்கன் கொக்கியில் விழுந்தது. மூன்றாம் நம்பர் கொக்கி காலியாக இருக்க, சுந்தரி ஷெட்டைப் பூட்டினார்.

போக நினைப்பவர்களுக்கு: பார்க்க இனி அங்கே பூட்டிய கதவுதான் இருக்கிறது. ஆனால் ஊர் இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டையில் நல்ல சாப்பாடு கிடைக்கும், எனக்குத்தான் அன்று இறங்கவில்லை. மாலை ரயிலில் இடம் பிடிக்க மாரிக்குப்பத்திலேயே ஏறிவிடுங்கள். வெயிலுக்குத் தொப்பி வேண்டும்.

எந்த ஏரிக்குப் போனாலும் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டுங்கள். கரையேறியதும் படகுத்துறைக்காரர், எல்லோரும் வந்தாச்சா என்று கேட்பார். உங்களைப் பற்றி மட்டும் பதில் சொல்லுங்கள். பின்னால் வருகிறவர் கரையில் கால் வைத்து, தானே சொல்லட்டும்.