தண்ணீராகிப்போன சோறு

முதலில் கண். என் பத்து வயது மகளின் இமைகள் தூசி விழுந்ததுபோல் படபடவென்று அடித்துக்கொண்டன. பிறகு வலது தோள், ஏறி ஏறி இறங்கியது. பிறகு தொண்டையிலிருந்து ஒரு கனைப்பு, யாரும் கூப்பிடாமலே யாருக்கோ பதில் சொல்வதுபோல. சிதம்பரத்து டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, "டிக்ஸ்னு சொல்லுவோம். இந்த வயசுல வரும், நெறைய பேருக்கு வளர வளரக் கொறைஞ்சிரும். இப்ப மருந்து வேணாம். அவளயே பாத்துக்கிட்டிருக்காதீங்க, அதப் பத்திப் பேசாதீங்க" என்றார்.

மருந்துச் சீட்டு இல்லாமல் பஸ் ஏறினோம். வெறுங்கையோடு திரும்புகிறோமே என்றிருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் எப்படி இருப்பது? மனைவி வழியெல்லாம் போனில் தேடிக்கொண்டே வந்தாள். கடலூர் வருவதற்குள் அவளுக்கு ஒன்று கிடைத்துவிட்டது. எந்த ஊரிலோ ஒரு தாய் எழுதியிருந்தாள்: சரியாகச் செரிக்காத சாப்பாடுதான் உடம்பை இழுக்கிறது, கோதுமை, பால், சர்க்கரை மூன்றையும் நிறுத்தி, செரிமான என்சைம் கொடுத்தோம், நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்ற அந்த ஒரு சொல்லை மனைவி என்னிடம் மூன்று முறை காட்டினாள்.

என் மைத்துனன் சிதம்பரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். என்சைம் கேப்சூல் டப்பாவை அவன்தான் வரவழைத்தான். "மாமா, இதுல கேக்கும்னு நான் சொல்லல. டாக்டரு சும்மா இருங்கன்றாரு, அக்கா சும்மா இருக்க மாட்டேங்குது, நடுவுல நான் என்னா பண்ணுவேன்? நீங்க செம்மங்குப்பத்துல டேங்க் டேங்கா கலக்குற ஆளு. ஒரு கேப்சூலப் பிரிச்சி சோத்துல போட மாட்டீங்களா?"

செம்மங்குப்பம் ரசாயனத் தொழிற்சாலையில் என் வேலை பரிசோதனைக்கூடத்தில். சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் கணத்தைக் குறித்துவைப்பவன். எது எதைக் கரைக்கும் என்று தெரிந்தவன். இதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பிஸ்கட் போயிற்று. தயிர் போயிற்று. பெண்ணாடத்திலிருந்து சித்தப்பா கொண்டுவந்த கரும்பை வாசலிலேயே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். மகள் அந்தக் கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் முதல் வாய்ச் சோற்றில் பொடியைத் தூவ வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மாத்திரை கொடுத்தனுப்பக் கூடாது. அதனால் மதியச் சாப்பாட்டுக்கான பொடியைக் காலை ஆறரைக்கே சாம்பார் சாதத்தில் போட்டு, ஸ்பூனால் நன்றாகக் கலந்து மூடினேன். நானேதான். தினமும்.

சாயங்காலம் அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது, பேப்பர் படிக்கிறவன்போல உட்கார்ந்து பத்து நிமிடம் எண்ணுவேன். ஒரு இழுப்புக்கு ஒரு கோடு. முதல் வாரம் நோட்டின் பக்கம் கோடுகளால் கறுத்தது. மூன்றாம் வாரம் ஏழு கோடுகள். ஐந்தாம் வாரம் ஒரு நாள், ஒன்றுமே இல்லை. மனைவி அந்த வெற்றுப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். "வேல செய்யுதுங்க, இன்னொண்ணு சேத்துப் போடலாம்" என்றாள். மறுநாளிலிருந்து இரண்டு கேப்சூல்.

அந்த வாரமே ஒரு நாள் அவள் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போனாள். எனக்கு அன்று மட்டும் மதிய ஷிப்ட். பள்ளிக்கூடம் செம்மண்டலத்திலேயே, வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். சாப்பாட்டு நேரத்தில் கொண்டுபோனேன். குழாயடியில் நின்று அவள் டிபன் பாக்ஸைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தோள் துள்ளியது, கழுத்து வெட்டியது, கண், தொண்டை எல்லாம் ஒன்றாக, நான் அதுவரை பார்த்திராத வேகத்தில்.

பக்கத்தில் நின்ற சிநேகிதி சொன்னாள்: "அங்கிள், இவ டெய்லி ஊத்திருவா. இவளக் கஞ்சித்தொட்டின்னு கூப்புடுறாங்க. நாந்தான் என்னுதுல பாதி குடுப்பேன்."

"ஏய், சும்மா இருடி" என்றாள் மகள்.

பாக்ஸில் மிச்சமிருந்ததைப் பார்த்தேன். பருக்கையே இல்லை. பழுப்பாகத் தண்ணீர். விரலால் தொட்டு வாயில் வைத்தேன். கொஞ்சம் இனிப்பு, அடியில் ஒரு கசப்பு. வயிற்றுக்குள் செய்ய வேண்டிய வேலையைப் பொடி டிபன் பாக்ஸுக்குள்ளேயே ஐந்தாறு மணிநேரம் செய்து முடித்திருந்தது.

"ஏம்மா சொல்லல?"

"அம்மா அழுவாங்க."

"வீட்டுல ஒனக்கு இது வரலியேம்மா?"

"அடக்கிக்குவேன். தும்மல அடக்குற மாரி. முடியலன்னா பாத்ரூம் போயிப் பண்ணிட்டு வந்துருவேன்." காலால் தரையைத் தேய்த்தாள். "நீங்க நோட்டுல கோடு போடுறதப் பாத்துட்டேன். கோடு இல்லன்னா மருந்த நிறுத்திருவீங்கன்னு நெனச்சேன். நீங்க ரெண்டாக்கிட்டீங்க."

அன்று நான் ஷிப்டுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப ஒண்ணுமே கொறையலியா?" என்றுதான் முதலில் கேட்டாள். பிள்ளை இத்தனை நாள் என்ன சாப்பிட்டாள் என்பது பிறகுதான் வந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். குழாயடியில் என் மனதில் முதலில் எழுந்ததும் அதே கேள்விதான்.

சாயங்காலம் மகளை நடுவில் உட்காரவைத்துச் சொன்னேன்: "இனிமே அடக்க வேணாம்மா. பொடியும் கெடயாது, நோட்டும் கெடயாது. வந்தா வரட்டும்."

"நெசமாவா?"

"நெசமா."

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விட்டாள். வாரக்கணக்கில் அடைத்துவைத்தது முழுவதும் வந்தது. தோள் காதைத் தொட்டது. தலை பின்னால் வெட்டி வெட்டித் திரும்பியது. கனைப்பு குரைப்பாக மாறியது. மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். நான் சிரித்த முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று நிமிடம் இருக்கும். அதற்குமேல் முடியவில்லை. கொஞ்சம் நிறுத்தேன், கொஞ்ச நேரம் நிறுத்தேன் என்று உள்ளே ஒருவன் கெஞ்சினான். வாய் திறக்கவில்லை நான். ஆனால் முகம் என்ன செய்ததோ.

அவள் உதட்டைக் கடித்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். தோள் மெல்லமெல்ல அடங்கியது.

"போயிடுச்சிப்பா" என்றாள்.

நான், "சரிம்மா" என்றேன்.